புது ரெக்கார்டும் முதல் ஊசியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இசைத்தட்டு வாங்க ஆரம்பித்தவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. கடையில் எதைப் பார்ப்பது, உறையை எப்படிப் பிரிப்பது, முதல் தடவை போடும்போது என்ன செய்வது, வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறபடி பிள்ளையார் பாட்டில் தொடங்குவதா வேண்டாமா. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் பதில் தட்டி அலுத்துப்போய் இதைத் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். நான் சென்னைவாசி. வெயில், ஈரம் பற்றி வருவதெல்லாம் சென்னைக் கணக்கு. ஊட்டிக்காரர்கள் கொஞ்சம் தள்ளுபடி செய்து படிக்கவும்.

ரெக்கார்டைப் போட்டோமா, கேட்டோமான்னு இல்லாம இதுக்கெல்லாம் எதுக்குங்க சடங்கு?

சடங்கு என்றதும் மிரள வேண்டாம். இதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று தட்டுக்காகச் செய்வது: விளிம்பைப் பிடித்துத் தூக்குவது, தூசியைத் துடைப்பது, ஊசியை மெதுவாக இறக்குவது. இவற்றைச் செய்யாவிட்டால் ரெக்கார்டு கெடும். இன்னொன்று நமக்காகச் செய்வது: காபி கலந்து வைத்துக்கொண்டு உட்காருவது, ஜாக்கெட்டின், அதாவது வெளி அட்டை உறையின், பின்பக்கத்தை வாசித்துக்கொண்டே கேட்பது, முதல் பாட்டு இன்னதுதான் என்று வைத்திருப்பது. செய்யாவிட்டால் குடி முழுகாது. ஆனால் செல்போனில் கேட்பதை விட்டுவிட்டு இவ்வளவு காசு போட்டு ரெக்கார்டு வாங்கியதற்கு அர்த்தம் பாதி அங்கேதான் இருக்கிறது.

தட்டைக் கெடுக்காதவரை நமக்கான சடங்கு எதுவானாலும் சரி என்பது என் கட்சி. கீழே எல்லாக் கேள்விக்கும் அந்தக் கட்சியிலிருந்துதான் பேசுகிறேன்.

எல்.பி., ஈ.பி., 78ன்னு என்னென்னமோ சொல்றீங்க. எது எது?

78 என்பது பழைய கிராமபோன் தட்டு. அரக்கிலிருந்து எடுக்கும் ஷெல்லாக்கில் செய்தது, கீழே போட்டால் உடையும், நிமிடத்துக்கு 78 சுற்று. 10 அங்குலத் தட்டில் பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான். எல்.பி. 1948இல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி கொண்டுவந்தது: 12 அங்குலம், வினைல் என்ற பிளாஸ்டிக், 33⅓ சுற்று, பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல். அடுத்த வருடமே ஆர்.சி.ஏ. விக்டர் 7 அங்குல, 45 சுற்றுத் தட்டை இறக்கியது. நம் ஊர் சினிமாப் பாட்டு ஈ.பி.க்கள் அந்த 7 அங்குல வம்சம். பக்கத்துக்கு இரண்டு பாட்டு வரும்.

சடங்குக்கு இது ஏன் முக்கியம் என்றால், 78இன் குரூவ் (ஊசி ஓடும் பள்ளக்கோடு) அகலம், வினைலின் குரூவ் குறுகல். 78க்குச் சுமார் 75 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) நுனியுள்ள ஊசி, எல்.பி.க்கு 18 முதல் 25 மைக்ரான். மாற்றிப் போட்டால் ஒலியும் கெடும், பொருளும் கெடும். சாவி கொடுக்கும் பழைய கிராமபோனில், அந்த இரும்பு முள்ளை வைத்து எல்.பி.யைப் போட்டுப் பார்க்கவே கூடாது. ஒரே தடவையில் உழுதுவிடும்.

பழைய ரெக்கார்டு கடைக்குப் போறேன். கையில எடுத்ததும் முதல்ல எதைப் பார்க்கணும்?

முதலில் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். வடை சாப்பிட்ட கையோடு வந்து தட்டைத் தொடுகிறவர்களை எந்தக் கடைக்காரருக்கும் பிடிக்காது. ஜாக்கெட்டை லேசாக வளைத்து வாயைத் திறந்து, உள்ளுறையோடு வெளியே எடுங்கள். விளிம்பு உள்ளங்கையிலும், நடு லேபிள் விரல்நுனியிலும் படவேண்டும். பாட்டு இருக்கும் பகுதியில் விரல் படக் கூடாது.

அப்புறம் வெளிச்சம். கடையின் டியூப்லைட்டில் எல்லா ரெக்கார்டும் புதுசாகத்தான் தெரியும். வாசலுக்குக் கொண்டுவந்து சாய்த்துப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். முடிபோன்ற மெல்லிய கோடுகள் தெரிந்தால் பரவாயில்லை, அவை உறை உரசியதால் வந்தவை, பாதி காதில் விழவே விழாது. நகநுனியை மிக லேசாக ஓட்டினால் தட்டுப்படும் கீறல்தான் ஆபத்து, அது நிச்சயம் டிக் டிக்கென்று கேட்கும். தட்டைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி விளிம்பைப் பார்த்தால் வளைவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கடைசியாக லேபிளின் நடு ஓட்டை. அதைச் சுற்றி மெல்லிய கோடுகள் சிலந்திக்கால் மாதிரி ஓடினால், இருட்டில் தடவித்தடவிப் பலமுறை போட்ட ரெக்கார்டு என்று அர்த்தம். ஜாக்கெட் பளபளப்பாக இருந்தாலும் லேபிள் பொய் சொல்லாது.

இன்னொன்று: உள்ளே இருப்பது ஜாக்கெட்டில் போட்டிருக்கும் ரெக்கார்டுதானா என்று லேபிளைப் படித்துவிடுங்கள். ஜாக்கெட்டில் எம்.ஜி.ஆர். சிரிப்பார், உள்ளே பஜனைப் பாட்டு இருக்கும். 1985இல் தீப்பிடித்து எரிவதற்கு முன் மூர் மார்க்கெட்டில் மேய்ந்த பெரியவர்களைக் கேளுங்கள், இந்த வகைக் கதை ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள்.

கடைக்காரர் முன்னாடியே ஜாக்கெட்டை மோந்து பார்க்குறது அசிங்கமா இருக்காதா?

இருக்காது, நானும் செய்கிறேன். புழுங்கிய வாடை அடித்தால் பூஞ்சை. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் இது நிறைய வரும். தட்டின் மேல் சாம்பல் நிறத்தில் பொட்டுப்பொட்டாகத் தெரியும். வினைலைக் கழுவிவிடலாம், ஜாக்கெட்டின் அட்டையில் ஊறிய பூஞ்சையை எடுப்பது கஷ்டம். அப்படி ஒன்றை வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் வாங்குங்கள், ஆனால் வீட்டில் மற்ற ரெக்கார்டுகளோடு உடனே சேர்க்காதீர்கள். ஜாக்கெட்டை நிழலில் காற்றாட வையுங்கள்.

மைக்செட் ரெக்கார்டுன்னு சொல்லி கம்மி விலைக்குத் தர்றாங்க. வாங்கலாமா சார்?

கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டவர்களிடமிருந்து வந்தவை அவை. கனமான ஊசி, திறந்த வெளி, புழுதி என்று சகலத்தையும் பார்த்தவை. சாய்த்துப் பார்த்தால் கறுப்புக்குப் பதில் நரைத்துத் தெரியும். லேபிளில் கடைப்பெயர் ரப்பர் ஸ்டாம்பாகவோ, பெயின்டில் ஒரு எண்ணாகவோ இருக்கும்.

ஒலிக்காக வாங்குவதென்றால் வேண்டாம். குரூவின் சுவர் தேய்ந்துவிட்டால் எத்தனை கழுவினாலும் திரும்பாது, உச்சஸ்தாயியில் கரகரவென்று உடையும். ஆனால் வேறெங்கும் கிடைக்காத பாட்டு என்றாலோ, உங்கள் ஊர் சவுண்ட் சர்வீஸின் முத்திரை அதில் இருந்தாலோ எடுத்துக்கொள்ளுங்கள். அதை ரெக்கார்டு என்பதைவிட ஊர்ச் சரித்திரம் என்று கணக்கில் வைக்கலாம்.

ஜாக்கெட்ல யாரோ பேனாவுல பேரு எழுதியிருக்காங்க. அழிச்சிடலாமா?

அழிக்காதீர்கள். அழிக்கப்போனால் அட்டையின் மேல்பூச்சு உரிந்து வெள்ளையாகி, முன்பைவிட அசிங்கமாகும். அதுவும் போக, “தங்கை திருமணத்துக்கு அன்புப் பரிசு” என்று நீல மையில் எழுதி 1970களின் தேதியும் போட்ட ஒரு ஈ.பி. உறை கையில் வந்தால், பாட்டைவிட அதைத்தான் நான் அதிக நேரம் பார்ப்பேன். விற்பனை மதிப்பு கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். குறையட்டும், பேரம் பேச ஒரு காரணம் கிடைத்தது.

உங்கள் பெயரை எழுதலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஜாக்கெட்டில் வேண்டாம். ஒரு சீட்டில் வாங்கிய தேதி, ஊர், விலை, உடன் வந்தவர் பெயர் எழுதி ஜாக்கெட்டுக்குள், உள்ளுறைக்கு வெளியே போட்டுவையுங்கள். பென்சிலால் எழுதினால் மை ஊறும் கவலை இல்லை. நான் ஒருவருக்கும் கட்டாயமாகச் சொல்லாத, ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த சடங்கு இது.

வாங்கியாச்சு. வீட்டுக்குக் கொண்டு வர்றதுல கூட ஏதாவது முறை இருக்கா?

ஒன்றே ஒன்று: வெயில். மதியம் காரை வெளியே நிறுத்திவிட்டு ரெக்கார்டைப் பின்சீட்டில் வைத்து, சாப்பிட்டு வரலாம் என்று போனால், திரும்பும்போது அப்பளம்தான். ஹோட்டலுக்குள் பையோடு போங்கள், பக்கத்து நாற்காலியில் சாய்த்து வையுங்கள்.

கூரியரில் வந்த பெட்டியையும் வந்த சூட்டோடு பிரிக்காதீர்கள். வண்டியில் வெந்து வந்திருக்கும். விசிறிக்கடியில் சில மணி நேரம் தட்டையாக வைத்து, தொட்டால் சூடில்லை என்றான பிறகு பிரியுங்கள். நேராக ஏ.சி. அறைக்குள் கொண்டுபோய்ப் பிரிப்பதும் வேண்டாம்.

புது ரெக்கார்டு. மேல ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக்கை எப்படிப் பிரிக்கணும்? பிளேடு போடலாமா? ராகு காலம் பார்க்கணுமா?

ராகு காலம் உங்கள் விருப்பம். பிளேடு வேண்டாம், ஒரு மில்லிமீட்டர் ஆழம் கூடினால் அட்டையில் கோடு விழும். ஜாக்கெட்டின் வாய்ப்பக்கத்து விளிம்பைப் பேன்ட் துணிமேல் நாலைந்து தரம் வேகமாக உரசுங்கள், அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் விட்டுக்கொள்ளும். இல்லையென்றால் கட்டைவிரல் நகம் போதும். சிலர் வாய்ப்பக்கத்தை மட்டும் திறந்து மீதிப் பிளாஸ்டிக்கை அப்படியே விட்டுவிடுவார்கள், பார்க்கப் புதுசாக இருக்கும் என்று. இங்கே அது சரிப்படாது. நாளாக ஆக அந்த உறை இறுகி அட்டையை வளைக்கும், உள்ளே ஈரமும் சிறைப்படும். முழுவதும் கழற்றிவிட்டு, தளர்வான வெளியுறை ஒன்றில் போட்டுவையுங்கள்.

பிளாஸ்டிக் மேல் விளம்பர ஸ்டிக்கர் இருந்தால் அதை மட்டும் வெட்டி ஜாக்கெட்டுக்குள் போடலாம். ஜப்பானிய அச்சு என்றால் இடப்பக்கம் ஒரு காகிதப் பட்டை சுற்றியிருக்கும், ஓபி என்பார்கள். அது கிழிந்தால் சேகரிப்பாளர்கள் அழுவார்கள், நிதானமாக உருவுங்கள். விலையிலும் அதற்குப் பங்கு உண்டு.

பிரிக்காமலே வச்சிருந்தா விலை ஏறுமாமே? அப்போ பிரிக்கிறது முட்டாள்தனம் இல்லையா?

சிலவற்றுக்கு ஏறும். ஆனால் சீல் பிரிக்காத ரெக்கார்டு வளைந்திருக்கிறதா, ஓட்டை நடுவில் விழுந்திருக்கிறதா, உள்ளே சரியான தட்டுதானா என்று யாருக்கும் தெரியாது. உங்களுக்குமே தெரியாது. திருப்பிக் கொடுக்கக் கடை தரும் கெடு முடிந்தபிறகு பிரித்து, உள்ளே பழுது இருந்தால் யாரிடம் போவீர்கள்? நான் வாங்கிய வாரமே பிரித்துவிடுவேன். முதலீடு செய்ய வேண்டுமானால் தங்கம் இருக்கிறது.

புது ரெக்கார்டைப் போய் ஏன் கழுவணும்? அதான் புதுசாச்சே!

புதுசு என்பது சுத்தம் என்று அர்த்தமில்லை. அச்சாலையிலிருந்து வரும்போதே காகித உறையின் தூள் ஒட்டியிருக்கும், உருவும்போது மின்னூட்டம் ஏறி இன்னும் தூசியை இழுக்கும். ஏ.சி. அறையில் உறையிலிருந்து உருவும்போது படபடவென்று பொரிகிறதே, அதுதான். குறைந்தபட்சம் கார்பன் நார் பிரஷ்ஷால் ஒரு சுற்று. தட்டு சுழலும்போது பிரஷ்ஷை லேசாக வைத்து இரண்டு மூன்று சுற்று விட்டு, மெல்ல வெளிப்பக்கமாக நகர்த்தி எடுத்துவிடுங்கள். அழுத்தாதீர்கள்.

பழையது என்றால் ஈரக் கழுவல் கட்டாயம். முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் மேல்தூசியை எடுங்கள், இல்லாவிட்டால் அது சேறாகி உள்ளே இறங்கும். வாலை வடிநீரில் ஒரு சொட்டு, ஒரே சொட்டு, வாசனை கலக்காத பாத்திரம் கழுவும் திரவம். மென்மையான மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, குரூவ் ஓடும் வட்டத்திலேயே துடையுங்கள், குறுக்கே வேண்டாம். பின் வெறும் வடிநீரில் இரண்டு முறை. லேபிள் நனையக் கூடாது. நிழலில் நிற்கவைத்து முழுக்க உலர்ந்த பிறகு, பழைய உறையில் அல்லாமல் புது உள்ளுறையில் போடுங்கள். கழுவிய தட்டைப் பழைய உறைக்குள் திணிப்பது குளித்துவிட்டு அழுக்குச் சட்டை போடுவது போலத்தான்.

வாலை வடிநீருக்கு எங்க போறது? பேட்டரி தண்ணி ஆகுமா? ஷாம்பு? டாக்டர் ஸ்பிரிட்?

பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் விற்கும் பேட்டரித் தண்ணீர் ஆகும். பாட்டிலில் ஆசிட் இல்லை, வெறும் தண்ணீர்தான் என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். குழாய்த் தண்ணீரும் போர்த் தண்ணீரும் வேண்டாம். உலர்ந்ததும் உப்பு வெள்ளையாகப் படிந்து, கழுவியதைவிட அதிகச் சத்தம் போடும். ஷாம்பு வழவழப்புக்காகச் சேர்த்த சரக்கையெல்லாம் குரூவில் விட்டுப்போகும், வேண்டாம்.

ஸ்பிரிட்டில் ஒரு விஷயம் மனப்பாடம் ஆகட்டும்: 78 தட்டை ஸ்பிரிட்டோ, ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமோ தொடக் கூடாது. ஷெல்லாக் ஆல்கஹாலில் கரையும். தச்சர்கள் மரத்துக்குப் பாலிஷ் போடுவது இந்த அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான். பாட்டு கண்ணெதிரே துணியோடு வந்துவிடும்.

முதல் தடவை ஊசி வைக்கும்போது கை நடுங்குது. ஏதாவது வழி சொல்லுங்க அண்ணா.

கையால் வைக்காதீர்கள், அவ்வளவுதான். ஊசியைத் தாங்கும் நீண்ட கைதான் டோன் ஆர்ம், அதன் பக்கத்தில் ஒரு சின்ன லீவர் இருக்கும். லீவரை உயர்த்தி, ஆர்மைத் தட்டின் வெளிவிளிம்புக்கும் முதல் பாட்டுக்கும் நடுவே இருக்கும் வெற்றுக்கோட்டுக்கு மேல் கொண்டுவந்து, லீவரைத் தாழ்த்துங்கள். எண்ணெய் போல மெதுவாக இறங்கும். வால்யூமைக் குறைத்து வைத்துவிட்டு இறக்குங்கள், ஊசி உட்கார்ந்து லேசாகச் சரசரத்ததும் ஏற்றுங்கள். அந்த இரண்டு நொடிச் சரசரப்பு பலருக்குப் பாட்டைவிடப் பிடிக்கும். எனக்கும்தான்.

கை நடுக்கத்தைவிட ஊசியின் எடை முக்கியம். நல்ல காட்ரிட்ஜ்கள் (ஊசி பொருந்தியிருக்கும் முனைப்பகுதி) பெரும்பாலும் 1.5 முதல் 2.5 கிராம் வரை கேட்கும். உங்களுடையது எவ்வளவு என்று அதன் குறிப்புத்தாளில் இருக்கும், சின்ன டிஜிட்டல் தராசில் அளந்து வையுங்கள். கம்மியாக வைத்தால் ரெக்கார்டுக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. தப்பு. எடை போதாமல் ஊசி குரூவுக்குள் துள்ளினால்தான் சுவர் அதிகமாகச் சிதையும். சூட்கேஸ் மாதிரி மடக்கும் மலிவுப் பிளேயர்களின் கனத்த ஊசியில் பழைய அருமையான ரெக்கார்டைப் போட வேண்டாம், புதுப் பிரதி இருந்தால் அதில் போடுங்கள்.

புது பிளேயர் வாங்கியிருக்கோம். முதல் பாட்டு என்ன போடணும்? எங்கம்மா பிள்ளையார் பாட்டுதான்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க.

அம்மா சொல்கிறபடியே செய்யுங்கள். சீர்காழி கோவிந்தராஜனின் “விநாயகனே வினை தீர்ப்பவனே” இல்லாமல் தமிழ்நாட்டில் எந்த மைக்செட்காரரும் குழாயைத் திறந்ததில்லை. காலை நேரம் என்றால் எம்.எஸ்.சின் வேங்கடேச சுப்ரபாதம். 1963இல் எச்.எம்.வி. வெளியிட்ட அந்த எல்.பி. இல்லாத ரெக்கார்டு வீடு அபூர்வம், அதனால் பழைய கடைகளில் நல்ல பிரதி தேடுவதும் எளிது.

வேறு நம்பிக்கைக்காரர்களுக்கும் நம்பிக்கையே இல்லாதவர்களுக்கும் இதே வசதி உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் எந்தப் பிளேயரையும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தில்தான் தொடங்குவார். பக்தியும் இருக்கலாம், ஆனால் அதற்குப் பின்னால் ஒரு சோதனையும் இருக்கிறது. நீண்டு நிற்கும் கார்வையில் சுருதி அலைகிறதா என்று காது உடனே பிடித்துவிடும். எல்.பி. ஒரு சுற்றுச் சுற்ற 1.8 நொடி. சுருதி அந்தக் கணக்கில் மெல்ல ஏறி இறங்கினால் தட்டின் ஓட்டை நடுவில் இல்லை. கணக்கில்லாமல் இழுத்தால் பிளேயரின் பெல்ட்டைப் பாருங்கள். வேகமான குத்துப்பாட்டில் இதெல்லாம் தெரியாது.

ஆயுத பூஜைக்குப் பிளேயருக்குச் சந்தனம், குங்குமம் வைக்கலாமா?

வையுங்கள், மூடியில் மட்டும். மூடியை மூடிவிட்டு, கண்ணாடிபோல் இருக்கும் அந்த அக்ரிலிக்கின் ஓரத்தில் ஈரச் சந்தனம், அதன்மேல் சிட்டிகை குங்குமம். மறுநாள் ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள், தேய்த்தால் அக்ரிலிக்கில் கோடு விழும். சுழலும் தட்டிலோ டோன் ஆர்மிலோ பொட்டு வேண்டாம். விபூதியும் உலர்ந்த குங்குமமும் பறந்து குரூவில் உட்கார்ந்தால் பிரஷ்ஷுக்கு அடங்காது. ஊதுபத்தி, சாம்பிராணி காட்டும்போதும் மூடி மூடியே இருக்கட்டும். புகையின் பிசின் ஊசியிலும் தட்டிலும் படியும். ரெக்கார்டு அலமாரி பூஜை மாடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் தள்ளி வைக்க இதைவிட நல்ல நாள் இல்லை.

முதல் தடவை முழுப் பக்கமும் கேட்டே ஆகணுமா? பிடிச்ச பாட்டுக்கு நேரா போகக் கூடாதா?

போகலாம், தடுக்கச் சட்டமில்லை. ஆனால் முதல் முறையாவது ஒரு பக்கத்தை எழுந்திருக்காமல் கேட்டுப் பாருங்கள் என்பேன். எல்.பி. போட்டவர்கள் பாட்டு வரிசையைச் சும்மா போடவில்லை. தட்டின் வெளிப்பக்கத்தில் குரூவ் ஊசியைக் கடக்கும் வேகம் நொடிக்குச் சுமார் அரை மீட்டர், உள்ளே லேபிள் பக்கம் வரும்போது அதில் பாதிக்கும் கீழே. அதே ஒலியைக் குறைந்த நீளத்தில் அடைக்க வேண்டியிருப்பதால் கடைசிப் பாட்டில் கூர்மை மங்கும், ‘ஸ’கரம் எச்சில் தெறிப்பது போலக் கேட்கும். அதனால் ஆரவாரமான பாட்டு முதலிலும் அடக்கமான பாட்டு கடைசியிலும் வருவதை அடிக்கடி பார்க்கலாம். உங்கள் ரெக்கார்டில் கடைசிப் பாட்டு மட்டும் கரகரத்தால் உடனே தட்டைக் குறை சொல்லாதீர்கள், காட்ரிட்ஜ் கோணலாகப் பொருத்தப்பட்டிருந்தாலும் முதலில் அங்கேதான் தெரியும்.

டிக் டிக்கென்று சத்தம் வந்தால் மறுபடி மேலே சொன்ன 1.8 நொடிக் கணக்கு. அந்த இடைவெளியில் சீராக வந்தால் கீறல், கண்டபடி வந்தால் தூசி. தூசி என்றால் கழுவலில் போய்விடும். ஈ.பி.யில் ஒரு சுற்று 1.3 நொடி.

பாட்டு முடிஞ்சப்புறம் லேபிள் பக்கத்துல ஏதோ கீறி எழுதியிருக்கே, அது என்ன?

அதைப் படிக்காமல் ரெக்கார்டை உறையில் போடாதீர்கள், நல்ல பொழுதுபோக்கு. பெரும்பாலும் அது மேட்ரிக்ஸ் எண். எந்த மூலத் தகட்டிலிருந்து அச்சானது, எத்தனையாவது வெட்டு என்பதற்கான அடையாளம். ஒரே ஆல்பம் பலமுறை அச்சாகியிருக்கும்போது எது முதல் அச்சு என்று கண்டுபிடிக்க இதைத்தான் பார்ப்பார்கள். 2000இல் தொடங்கிய, ரெக்கார்டு விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் இந்த எண்ணைப் போட்டுத் தேடலாம்.

மூலத் தகட்டில் குரூவை வெட்டுகிற வெட்டுநர்கள் சிலர் அங்கே கையெழுத்தும் போடுவார்கள். லண்டனில் ஜார்ஜ் பெக்கம் என்பவர் வெட்டிய பல ரெக்கார்டுகளில் “எ போர்க்கி பிரைம் கட்” என்று இருக்கும், அதைப் பார்த்தே வாங்குகிறவர்கள் உண்டு. கல்கத்தா பக்கத்து டம்டம் ஆலையில் அச்சான நம் எச்.எம்.வி. தட்டுகளில் அந்த விளையாட்டெல்லாம் எனக்குத் தட்டுப்பட்டதில்லை, எண் மட்டும்தான். ஆனாலும் செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படிப்பதை நான் விடுவதில்லை.

ஒரு தடவை போட்டா 24 மணி நேரம் கழிச்சுத்தான் திரும்பப் போடணும், குரூவ் சூடாகிடும்னு சொல்றாங்களே?

ஊசி படும் அந்த நுண்ணிய இடத்தில் அழுத்தமும் உராய்வும் இருப்பது உண்மை. ஆனால் மேலே சொன்ன வேகத்தில் ஓடும்போது ஊசி எந்த ஒரு புள்ளியிலும் நிற்பதே இல்லை. ஊசி சுத்தமாகவும் எடை சரியாகவும் இருந்து, உடனே இரண்டாம் முறை போட்டதால் கெட்ட ரெக்கார்டை நான் பார்த்ததில்லை. தேய்ந்த ஊசியால் ஒரே தடவையில் கெட்டதைப் பார்த்திருக்கிறேன். வைர ஊசிக்கு ஆயுள் பொதுவாக 500 முதல் 1000 மணி நேரம் என்பார்கள். கவலைப்படுவதென்றால் அதற்குக் கவலைப்படுங்கள்.

அப்படியும் மனசு கேட்காவிட்டால் ஒரு நாள் விட்டே போடுங்கள். மறுநாள் கேட்கும்போது முதல் நாள் காதில் விழாத வயலின் ஒன்று விழும், அது போதும்.

கேட்டு முடிச்சதும் ரெக்கார்டை எப்படி வைக்கணும்?

உடனே உறைக்குள். பிளேயரிலேயே விட்டுத் தூங்கப் போகிற பழக்கம் வேண்டாம். உள்ளுறையின் வாய் மேல்பக்கம் பார்க்கும்படி ஜாக்கெட்டுக்குள் செருகினால் தூசியும் நுழையாது, எடுக்கும்போது தட்டு உருண்டு விழவும் விழாது. நிற்கவைத்து அடுக்குங்கள், படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அல்ல. சாயவும் கூடாது, நெருக்கித் திணிக்கவும் கூடாது. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி மழைக்காலத்தில் ஈரம் இழுக்கும், கரையானுக்கும் அதுதான் வாசல்.

கெட்டியான, பிளாஸ்டிக் வாடை அடிக்கும் பழைய பி.வி.சி. உறைகளைத் தூக்கிப் போடுங்கள். நாளடைவில் அதிலிருந்து கசியும் ரசாயனம் தட்டின்மேல் பனிபோலப் படியும், அது கழுவினாலும் போகாது. பாச்சை உருண்டையும் ஜாக்கெட்டுக்குள் வேண்டாம், சிலிக்கா ஜெல் பொட்டலம் அலமாரியில் வையுங்கள்.

தாத்தாவோட ரெக்கார்டு பெட்டி பரண்ல இருந்து கிடைச்சிருக்கு, அவரோட பிளேயரும் இருக்கு. இதுக்கும் “முதல் தடவை” உண்டா?

உண்டு, வாங்கிய ரெக்கார்டுக்கு இருப்பதைவிடக் கூடவே உண்டு. ஆனால் அன்றைக்கே போட்டுவிட வேண்டும் என்று பறக்காதீர்கள். முதலில் எல்லாவற்றையும் பிரித்து, எது 78, எது ஈ.பி., எது எல்.பி. என்று தனித்தனியாக அடுக்குங்கள். ஜாக்கெட்டுக்குள் கையைவிட்டுப் பாருங்கள். பாட்டுப் புத்தகம், கடை ரசீது, கடிதம் என்று ஏதாவது அகப்படலாம், அதை அந்தந்த ஜாக்கெட்டிலேயே திரும்ப வையுங்கள். எதை அவர் அதிகம் கேட்டார் என்பது லேபிளின் ஓட்டையைப் பார்த்தாலே தெரியும், மூர் மார்க்கெட் பேச்சு வந்த பதிலில் சொன்ன அந்தக் கோடுகள்தான்.

பிளேயரில் கரண்ட் கொடுப்பதற்கு முன் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ரப்பர் சக்கரமும் பெல்ட்டும் இறுகியிருக்கும், கண்டென்சர் போயிருக்கும். ஊசியை யோசிக்காமல் மாற்றுங்கள், எத்தனை மணி நேரம் ஓடியது என்று சொல்ல ஆள் இல்லை. அதன் பிறகு, அவர் அதிகம் கேட்ட ரெக்கார்டைக் கழுவி, வீட்டில் அவரைத் தெரிந்தவர்கள் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் போடுங்கள். அது 78ஆக இருந்தால், கழுவுவதற்கு முன் ஸ்பிரிட் பற்றிச் சொன்னதை இன்னொரு தரம் படித்துவிடுங்கள்.